லேத் பட்டறைக்குப் பக்கத்தில் மெட்டியோர் படம்: டிகோடருக்குள் கை வைத்த அனுபவம்

அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் ஏபிடி என்ற அனலாக் முறையில் அனுப்பிய படத்தைப் பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. சிக்னல் மோசமானால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் படம் வந்துவிடும், மேகம் எது கடல் எது என்று கண்ணே பிரித்துக்கொள்ளும். 2025 ஜூனில் நோவா-18உம், ஆகஸ்டில் நோவா-19, நோவா-15 இரண்டும் நிறுத்தப்பட்ட பிறகு, 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைப் படம் வேண்டுமென்றால் ரஷ்யாவின் மெட்டியோர் எம்2-3, எம்2-4 பக்கம்தான் போக வேண்டும். அவை அனுப்புவது எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் சிக்னல். இதில் பாதிப் படம் என்ற பேச்சே கிடையாது. ஒரு அளவுக்கு மேலே எல்லாம் துல்லியமாக இருக்கும், அதற்கு அரை டெசிபல் கீழே இறங்கினால் கறுப்புக் கட்டம்.

என் மொட்டை மாடியில் அந்தக் கறுப்புக் கட்டங்கள்தான் அதிகம். வீடு கோவை கணபதியில், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை, வெல்டிங் செட் சகிதம். தெரு முழுக்க எல்இடி விளக்கு. ஆண்டெனாவை மாற்றிப் பார்க்கலாம்தான், ஆனால் இரைச்சல் வரும் திசையும் சிக்னல் வரும் திசையும் ஒன்றாக இருக்கும்போது பெரிய ஆண்டெனா இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் சிக்னலைப் படமாக அவிழ்க்கும் நிரலான டிகோடர் பக்கத்திலிருந்து எவ்வளவு மீட்க முடியும் என்று பார்த்தேன். அதன் குறிப்புதான் இது.

கருவிகள் சாதாரணமானவை. ஒவ்வொரு கையும் சுமார் 53 சென்டிமீட்டர், இடையில் 120 டிகிரி கோணம் உள்ள வி வடிவ டைபோல், அதன் அடியிலேயே எஃப்எம் நிலையங்களைத் தடுக்கும் ஒரு ஃபில்டர், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், பிறகு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் மலிவான ரேடியோ ரிசீவர்), லேப்டாப். எஃப்எம் ஃபில்டர் இல்லாமல் ஊருக்குள் முயற்சி செய்யாதீர்கள், 8 பிட் டாங்கிள் 100 மெகாஹெர்ட்ஸ் நிலையங்களிலேயே மூச்சு முட்டிப்போகும். நேரடியாக டிகோட் செய்து பார்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நொடிக்கு 10.24 லட்சம் சாம்பிள் வீதம் மூல ஐக்யூ பதிவை, அதாவது டாங்கிள் அளந்த சிக்னலை எதுவும் அவிழ்க்காமல், அப்படியே சேமித்துவைத்தேன். இந்த வேலை முழுக்க அந்தப் பதிவுகளின் மேல்தான் நடந்தது. ஒரே பதிவை வெவ்வேறு டிகோடரில் ஓட்டினால்தான் எது உதவியது என்று சொல்ல முடியும். நேற்று வந்த படத்தையும் இன்று வந்த படத்தையும் ஒப்பிட்டு "மாற்றம் தெரிகிறது" என்று சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை, செயற்கைக்கோள் கடந்துபோன உயரமே வேறாக இருக்கும்.

சரி, சிக்னலுக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எல்ஆர்பிடி நொடிக்கு 72,000 சிம்பல் (ஒரு தடவையில் அனுப்பும் சிக்னல் துண்டு) வேகத்தில் ஓகியூபிஎஸ்கே என்ற பண்பேற்ற முறையில் வருகிறது. ஒரு சிம்பலுக்கு இரண்டு பிட். வழியில் வரும் பிழையைத் திருத்த இரண்டு அடுக்கு: வெளியே ஒரு ரீட்-சாலமன் குறியீடு, உள்ளே ஒரு கன்வல்யூஷனல் குறியீடு. உள்ளே இருப்பது விகிதம் 1/2, கட்டுப்பாட்டு நீளம் 7, அதாவது ஒரு தகவல் பிட்டுக்கு இரண்டு பிட் அனுப்பப்படும், அதை 64 நிலைகள் கொண்ட விட்டர்பி டிகோடர் அவிழ்க்கும். வெளியே இருப்பது 255 பைட்டில் 223 தகவல் பைட், 32 சரிபார்ப்பு பைட், ஆக எங்கே தவறு என்று தெரியாமலேயே 16 பைட் வரை திருத்தும். இந்த 255 பைட் தொகுதிக்குச் சொல் என்று பெயர், இப்படி நான்கு சொற்களை பைட் பைட்டாகப் பின்னி, முன்னால் 4 பைட் அடையாளச் சொல் சேர்த்தால் 1024 பைட் கொண்ட ஒரு ஃப்ரேம். வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்த 1986இலேயே இதே ஜோடிதான் வேலை செய்தது. விட்டர்பியின் கட்டுரை 1967, ரீட்-சாலமன் 1960. பழைய சரக்குதான், ஆனால் இன்னமும் நன்றாகவே உழைக்கிறது.

குறியீடு செயற்கைக்கோளில் இருக்கிறது, அதை நாம் தொட முடியாது. நம் கையில் இருப்பது, அந்தக் குறியீட்டை அவிழ்ப்பவனுக்கு என்ன தகவலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பது மட்டும். ரிசீவரின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தூக்கி எறியப்படுகிறது. எறியப்படுவதைப் பொறுக்கி அடுத்த கட்டத்துக்குக் கொடுத்தால் அதே குறியீடு இன்னும் கொஞ்சம் தாங்கும். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரே வேலையின் பல வடிவம்.

அளவுகோல்

படத்தைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு படவரி 1568 புள்ளி அகலம், அது 112 புள்ளி அகலமுள்ள 14 துண்டுகளாக ஜேபெக் மாதிரி சுருக்கப்பட்டு வருகிறது. ஒரு ஃப்ரேம் போனால் எத்தனை துண்டு போகும் என்பது மேகம் எவ்வளவு சிக்கலாக இருந்தது என்பதைப் பொறுத்தது. வெறும் கடலாக இருந்தால் ஒரே ஃப்ரேமில் நிறையத் துண்டுகள் அடங்கிவிடும். எனவே எண்ண வேண்டியது ரீட்-சாலமன் தேர்ச்சி பெற்ற சொற்களை. இந்த எண்ணிக்கையை நம்பலாம். 16 பைட் திருத்தும் குறியீடு, முழுக்கக் குப்பையான ஒரு சொல்லைத் தவறுதலாகச் சரியென்று ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு தோராயமாக 16 ஃபேக்டோரியலில் ஒன்று, அதாவது 20 லட்சம் கோடியில் ஒன்று.

இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டேன். தலைக்கு மேலே நேராகக் கடந்த ஒரு நல்ல பதிவு, ஒரு ஃப்ரேம்கூடப் போகாதது, அதை எடுத்து அதில் கணினியில் உருவாக்கிய இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்தேன். சரியான பிட்கள் எவை என்று முன்கூட்டியே தெரியும் என்பதால் டிகோடரின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிழை என்று எண்ண முடிகிறது. நிஜப் பதிவில் முன்னேற்றமும் இந்தச் செயற்கைப் பதிவில் பின்னடைவும் காட்டிய மாற்றம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

சாஃப்ட் மதிப்பும் அதன் அளவும்

விட்டர்பிக்கு 0 அல்லது 1 என்று முடிவெடுத்துக் கொடுப்பது ஹார்ட். "கிட்டத்தட்ட நிச்சயமாக 1", "0 ஆக இருக்கலாம், தெரியவில்லை" என்று எண்ணாகக் கொடுப்பது சாஃப்ட். ஊசி எதுவும் இல்லாமல் ஒரே சீராக இருக்கும் சாதாரண வெள்ளை இரைச்சலில் இந்த வித்தியாசம் சுமார் 2 டெசிபல், அதாவது சிக்னல் ஆற்றலை 1.6 மடங்கு ஆக்குவதற்குச் சமம். இன்றைய டிகோடர் எல்லாமே சாஃப்ட்தான், அதில் புதுமை ஒன்றும் இல்லை. வெறும் 3 பிட் அளவுக்கு வெட்டினாலும் கால் டெசிபல்தான் இழப்பு என்பது பாடப்புத்தக விஷயம், அதனால் 8 பிட்டை 16 ஆக்கினால் ஏதாவது கிடைக்கும் என்று நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. விட்டர்பி எல்லா மதிப்புகளையும் ஒரே மாறிலியால் பெருக்கினால் கவலைப்படாது, அதே பாதையைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சிம்பல்களுக்கு இடையே அளவு ஏறுக்குமாறானால் கவலைப்படும். அதன் நினைவு சில பத்துப் பிட்கள்தான், கட்டுப்பாட்டு நீளத்தின் ஐந்து மடங்கு என்பது வழக்கமான கணக்கு, இங்கே 35. ஆக, செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து ஏறும்போது சிக்னல் மெதுவாகக் கூடிக் குறைவதற்கெல்லாம் எடை போட்டுத் திருத்துவது வீண்வேலை. 35 பிட்டுக்குள், அதாவது அரை மில்லிநொடிக்குள் இரைச்சல் திடீரென்று மாறினால்தான் எடை முக்கியம். அப்படி மாறுகிறதா என்று பார்த்தால், என் மாடியில் அதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

பத்து மில்லிநொடிக்கு ஒரு அடி

ஐக்யூ பதிவின் வீச்சை நேரத்துக்கு எதிராக வரைந்தால் போதும், பெரிய கணிதம் வேண்டாம். அடிமட்டத்தில் ஒரே சீரான புல்வெளி மாதிரி இரைச்சல், அதற்கு மேலே 10 மில்லிநொடிக்கு ஒன்றாக ஊசிகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒரு ஊசி, நொடிக்கு 100. எல்இடி விளக்குகளுக்குள் இருக்கும் மலிவான டிரைவர்களும் மோட்டார்களும் இப்படித்தான் தங்கள் கைவரிசையைக் காட்டும். வெல்டிங் நடக்கும்போது இந்த ஊசிகளுக்கு இடையே ஒழுங்கில்லாத கொத்துகளும் சேரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாள் ஒன்று எல்லா ஊரிலும் உண்டே, அன்று லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்து பார்த்தால் ஊசிகள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன, மிச்சமிருந்த ஒன்றிரண்டு யார் வீட்டு இன்வெர்ட்டரோ. அந்தப் பதிவில் அடிமட்ட இரைச்சல் வழக்கமான நாளைவிட அவ்வளவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் படம் ஏறக்குறைய முழுதாக வந்தது. அதாவது என்னுடைய பிரச்சினை சராசரி இரைச்சலில் இல்லை, ஊசிகளில்தான் இருக்கிறது.

ஒரு ஃப்ரேம் 8192 பிட். இந்த அமைப்பில் ஒரு அழகு: ஒரு சிம்பலுக்கு இரண்டு குறியீட்டு பிட், ஒரு தகவல் பிட்டுக்கும் இரண்டு குறியீட்டு பிட், எனவே ஒரு சிம்பல் என்றால் ஒரு தகவல் பிட், 8 சிம்பல் என்றால் ஒரு பைட். ஒரு ஃப்ரேம் வந்து முடிய 114 மில்லிநொடி. அதற்குள் 11 ஊசிகள் விழும். ஒரு ஊசி அரை மில்லிநொடி நீண்டால் 36 சிம்பல் போகிறது, கிட்டத்தட்ட 5 பைட். ஓரத்தில் விட்டர்பி தடுமாறுவதையும் சேர்த்தால் 6. பதினோரு ஊசிக்கு 66 பைட், நான்கு சொற்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 16 அல்லது 17. ரீட்-சாலமனின் எல்லையோ 16. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், ஏன் சிக்னல் நன்றாக இருந்தும் ஃப்ரேம்கள் மாறி மாறிப் போய் வருகின்றன என்பது விளங்கியது. குறியீடு விளிம்பில் நின்று தள்ளாடிக்கொண்டிருக்கிறது, சாதாரண இரைச்சலுக்கு மிச்சமாக ஒரு பைட்கூட இல்லை.

சாஃப்ட் டிகோடருக்கு ஊசிகள் இன்னொரு வகையிலும் விஷம். வீச்சு பெரிதாக இருந்தால் நம்பிக்கை அதிகம் என்பதுதான் சாஃப்ட் மதிப்பின் பொருள். சத்தமாகப் பேசுபவன் சொல்வதெல்லாம் உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து மாதிரி, ஊசி விழுந்த இடத்தில் உச்ச நம்பிக்கையோடு தவறான மதிப்பு போய்ச் சேருகிறது, சுற்றியிருக்கும் ஒழுங்கான பிட்கள் எல்லாம் சேர்ந்து வாதாடினாலும் எடுபடாது. இப்படிப்பட்ட இடத்தில் ஹார்ட் டிகோடரே தேவலாம், அதில் ஊசிக்கும் ஒரு ஓட்டுதான்.

வெட்டுவது எங்கே

ஊசியை வெட்டி எறிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றும், ரேடியோவில் நாய்ஸ் பிளாங்கர் என்று பல பத்தாண்டுகளாக இருப்பதுதான். எங்கே வெட்டுகிறோம் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. டாங்கிளிலிருந்து வரும் 10.24 லட்சம் சாம்பிள் பதிவில் 10 மைக்ரோநொடி ஊசி என்றால் பத்து சாம்பிள்தான். அதையே ஃபில்டர் செய்து சிம்பல் வேகத்துக்கு இறக்கிய பிறகு பார்த்தால், ஃபில்டர் அந்த ஊசியை அக்கம்பக்கத்துச் சிம்பல்கள் எல்லாவற்றுக்கும் பூசிவிட்டிருக்கும், உயரமும் குறைந்து சிக்னலோடு சிக்னலாகக் கலந்திருக்கும். எனவே வெட்டு எப்போதும் அகலமான பட்டையில், எந்தக் குறுகிய ஃபில்டருக்கும் முன்னால்.

எல்லை வைப்பதற்குச் சராசரி வீச்சைப் பயன்படுத்தாமல் நகரும் மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) பயன்படுத்தினேன், ஏனென்றால் ஊசிகளே சராசரியை மேலே இழுத்துவிடும், மீடியன் அசையாது. எல்லை மீடியனின் 4 மடங்கு. இது குத்துமதிப்பு இல்லை: வெள்ளை இரைச்சலின் வீச்சு ரேலி பரவலில் இருக்கும், அதில் மீடியனின் 4 மடங்கைத் தாண்டும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்றரை, இந்தச் சாம்பிள் வேகத்தில் நொடிக்குப் பதினாறு தவறான வெட்டு. 72,000 சிம்பலில் அது ஒன்றுமே இல்லை. 3 மடங்கு என்று வைத்தால் நொடிக்கு 2000 தாண்டும், அப்போது நாமே நல்ல சிக்னலில் ஓட்டை போட ஆரம்பித்துவிடுவோம். எல்லையைத் தாண்டிய சாம்பிளுக்கு இரண்டு பக்கமும் சிலவற்றைச் சேர்த்துப் பூஜ்யமாக்க வேண்டும், ஊசியின் வால் எல்லைக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

அடுத்தது, எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. எந்தெந்த சாம்பிளை வெட்டினோம் என்று (வெட்டியதற்கு 0, மற்றதற்கு 1) ஒரு முகமூடி வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போகும் அதே ஃபில்டரின் குணகங்களை வர்க்கப்படுத்தி, அந்த முகமூடியையும் அதன் வழியே அனுப்புங்கள். வெளியே வருவது, ஒவ்வொரு சிம்பலும் அதற்கு உரிய ஆற்றலில் எத்தனை பங்கு வெட்டுப்படாமல் தப்பியது என்ற கணக்கு, 0 முதல் 1 வரை. அந்த எண்ணால் சாஃப்ட் மதிப்பைப் பெருக்கினால், முழுக்க வெட்டுப்பட்ட சிம்பல் 0 ஆகிவிடும். விட்டர்பிக்கு 0 என்றால் "எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள்". இந்தக் குறியீட்டின் குறைந்தபட்ச இடைவெளி 10, அதாவது இரண்டு வெவ்வேறு செய்திகளின் குறியீடுகள் குறைந்தது 10 பிட்டிலாவது வேறுபடும். ஆகவே வேறு இரைச்சல் இல்லாவிட்டால் 9 குறியீட்டு பிட் காணாமல் போனாலும் நிரப்பிவிடும், ஆனால் தவறான பிட் என்றால் 4 வரைதான் உறுதி. 50 மைக்ரோநொடி ஊசி 7 பிட்டை விழுங்கும். தவறாகக் கொடுத்தால் தோல்வி நிச்சயமில்லாவிட்டாலும் பக்கத்தில் நிற்கும், தெரியாது என்று ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் தப்பிவிடும்.

அப்புறம் லூப்கள், அதாவது வரும் சிக்னலைப் பார்த்துத் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும் பகுதிகள். கேரியரைப் பின்தொடரும் காஸ்டாஸ் லூப், சிம்பல் கடிகாரம், வீச்சைத் தானாகச் சீராக்கும் ஏஜிசி மூன்றுமே ஊசியால் உதை வாங்குகின்றன. ஏஜிசி ஊசியைப் பார்த்துக் கெயினைக் குறைத்தால் அதற்குப் பின்னால் வரும் நூற்றுக்கணக்கான நல்ல சிம்பல்கள் நம்பிக்கை குறைந்தவையாகச் சிறுத்துப்போகும். முகமூடியின் மதிப்பு பாதிக்குக் கீழே இருக்கும் இடங்களில் மூன்றையும் அசையாமல் நிறுத்திவைத்தேன். பதிவைப் பின்னால் வைத்து ஓட்டுவதால் ஏஜிசிக்கு அவசரமே இல்லை, மிக மெதுவானதாக வைக்கலாம். காஸ்டாஸ் லூப்பின் பட்டையையும் குறுக்கினேன், செயற்கைக்கோளின் வேகத்தால் வரும் டாப்ளர் விலகல் இந்த அலைவரிசையில் கூடக் குறைய 3 கிலோஹெர்ட்ஸ்தான், அதையும் சுற்றுப்பாதைத் தரவிலிருந்து முன்கூட்டியே கழித்துவிட்டால் லூப்புக்கு மிச்சமிருப்பது சில்லறை வேலை.

ரீட்-சாலமனிடம் உண்மையைச் சொல்வது

அரை மில்லிநொடி ஊசி 36 தகவல் பிட்டை முழுசாக விழுங்கும்போது விட்டர்பி என்ன செய்தாலும் அதை உருவாக்க முடியாது, இல்லாத தகவலை எங்கிருந்து கொண்டுவரும். அதன் வெளியீட்டில் அந்த இடத்தில் ஏதோ ஒரு பிட் வரிசை வரும், பார்ப்பதற்கு மற்ற எல்லாப் பிட் போலவே இருக்கும். "இங்கே ஓட்டை" என்ற செய்தி அந்த இடத்தில் செத்துவிடுகிறது. ரீட்-சாலமனுக்கோ அந்தச் செய்தி பொன். தவறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு பைட்டைத் திருத்த இரண்டு சரிபார்ப்பு பைட் செலவாகும், இடம் தெரிந்தால் ஒன்றே போதும். தவறுகளின் இரு மடங்கும் காணாமல்போன இடங்களும் சேர்ந்து 32க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மேலே போட்ட கணக்கில் 17 பைட் ஊசியால் போகிறது என்றால், இடத்தைச் சொல்லிவிட்டால் 15 சரிபார்ப்பு பைட் மிச்சம், அதாவது சாதாரண இரைச்சலால் வரும் இன்னும் 7 தவறுகளுக்கு இடம். விளிம்பில் தள்ளாடிய குறியீடு கொஞ்சம் உள்ளே வந்து நிற்கிறது.

ஒரு சிம்பல் ஒரு தகவல் பிட் என்பதால் முகமூடியிலிருந்து பைட் எண்ணுக்குப் போவது எளிது, விட்டர்பியின் தாமதத்தைக் கழித்து 8 ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னிய நான்கு சொற்களுக்கும் தனித்தனியாகப் பட்டியல். பெரும்பாலான ரீட்-சாலமன் நூலகங்களில் இடங்களைக் கொடுக்க ஒரு உள்ளீடு இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தும் டிகோடரைப் பார்ப்பது அபூர்வம். வெட்டும் இடத்துக்கும் ரீட்-சாலமனுக்கும் இடையே நாலைந்து கட்டம் இருப்பதால் செய்தியை யாரும் சுமந்து வருவதில்லை.

ஆசைப்பட்டு 32 இடங்களையும் கொடுத்துவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால் எந்தக் குப்பையும் "வெற்றிகரமாக" டிகோட் ஆகும், சரிபார்க்க ஒரு பைட்கூட மிச்சமில்லை. நான் முன்னால் சொன்ன 20 லட்சம் கோடியில் ஒன்று என்ற பாதுகாப்பு முழுசாக வாசலுக்கு வெளியே போய்விடும், தேர்ச்சி எண்ணிக்கை மட்டும் அமர்க்களமாக ஏறும். உச்ச வரம்பாக 20 வைத்தேன். அதற்கு மேல் சந்தேக இடங்கள் இருந்தால் மிகவும் மோசமான 20 மட்டும் போகும். முதலில் இடம் எதுவும் கொடுக்காமல் ஒரு முறை முயற்சி, தோற்றால்தான் இடங்களோடு. இரண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை வைத்திருந்தால் எது எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்துகொண்டே இருக்கலாம்.

கட்டம் தாவுவது

கியூபிஎஸ்கே வகைச் சிக்னலில் அலையின் நான்கு கட்டங்களில் (ஃபேஸ்) எதில் பூட்டிக்கொண்டோம் என்று லூப்புக்குத் தெரியாது. டிகோடர்கள் நான்கையும் முயன்று பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். விட்டர்பி கொடுத்த பிட்களை மறுபடியும் குறியாக்கம் செய்து, வந்த சிக்னலோடு ஒப்பிட்டால் சேனலில் எத்தனை பிழை என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும், சரியான கட்டத்தில் அது சட்டென்று இறங்கும். சிக்கல், நடுவழியில் லூப் 90 டிகிரி வழுக்கினால். அதற்குப் பிறகு வரும் எல்லாமே குப்பை, டிகோடர் பல ஃப்ரேம் தோற்ற பிறகுதான் விழித்துக்கொண்டு மறுபடியும் தேடும். அதுவும் இங்கே ஆஃப்செட் முறை என்பதால் 90 டிகிரி வழுக்கினால் சிக்னலின் இரண்டு பாகங்களான ஐ, கியூ இரண்டுக்கும் இடையிலான அரைச் சிம்பல் தாமதமும் கைமாறும், வெறுமனே சுழற்றினால் போதாது. எல்லா வாய்ப்புகளையும் இணையாக ஓட்டிவைத்து, சில நூறு பிட்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டைப் பார்த்து மாறிக்கொள்ளும்படி செய்தேன். கணினிக்கு வேலை நான்கு மடங்கு, 72 கிலோபிட் என்பது இன்றைய லேப்டாப்புக்குத் தூசு. லூப்களை ஊசியின்போது நிறுத்திவைத்த பிறகு வழுக்கலே அரிதாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், எனவே இதில் கிடைத்த லாபம் கொஞ்சம்தான்.

தெரிந்த பைட்டை வைத்துத் தெரியாததைப் பிடிப்பது

விளிம்பில் இருக்கும் ஃப்ரேம்களில் அடிக்கடி காண்பது: நான்கு சொற்களில் இரண்டோ மூன்றோ தேறிவிடும், மற்றது தோற்கும். தேறிய சொற்களின் பைட்கள் இப்போது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். பின்னல் முறையால், ஒன்று மட்டும் தோற்றிருந்தால் அந்தச் சொல்லின் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பக்கமும் தெரிந்த பைட்கள் உட்கார்ந்திருக்கின்றன. கட்டுப்பாட்டு நீளம் 7 என்றால் விட்டர்பியின் நிலை கடைசி 6 பிட்கள்தான். தெரிந்த ஒரு பைட் அந்த நிலையை முழுக்கக் கட்டிப்போட்டுவிடும். மறுபடியும் விட்டர்பியை ஓட்டும்போது தெரிந்த பிட்டுக்கு முரணான பாதைகளை அடைத்துவிட்டால், நடுவிலிருக்கும் 8 பிட்டைக் கண்டுபிடிப்பது மிகவும் எளிதாகிவிடுகிறது, பிழை ஒரு பைட்டிலிருந்து அடுத்ததற்குப் பரவவும் வழியில்லை.

இது வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தின் தந்திரம். அதன் பெரிய குடை ஆண்டெனா 1991இல் முழுதாக விரியவில்லை, சின்ன ஆண்டெனாவில் வரும் சொற்பச் சிக்னலை வைத்தே 1995க்குப் பிறகு வேலையை முடிக்க வேண்டியிருந்தது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் நீளம் 14 கொண்ட கன்வல்யூஷனல் குறியீட்டையும் வெவ்வேறு பலமுள்ள ரீட்-சாலமன் சொற்களையும் விண்கலத்தின் மென்பொருளில் ஏற்றி, தரையில் நான்கு சுற்றாக விட்டர்பியும் ரீட்-சாலமனும் ஒன்றுக்கொன்று உதவும்படி டிகோட் செய்தார்கள். பலமான சொற்கள் முதலில் தேறி மெலிந்தவற்றுக்குக் கை கொடுக்கும். மெட்டியோரில் நான்கு சொல்லும் ஒரே பலம் என்பதால் நமக்கு அவ்வளவு லாபம் கிடைக்காது, நான்குமே தோற்றால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

செய்யும்போது ஒரு சங்கடம்: விட்டர்பிக்கும் ரீட்-சாலமனுக்கும் நடுவில் பிட்களைக் கலைத்துப்போடும் போலித் தற்செயல் வரிசை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. தெரிந்த பைட்டோடு அதை மறுபடியும் சேர்த்த பிறகுதான் விட்டர்பிக்குக் கொடுக்க வேண்டும். டிஃபரன்ஷியல் குறியாக்கமும் நடுவில் இருந்தால் அதையும் திரும்பப் போட வேண்டும், அது முந்தைய பிட்டைப் பொறுத்தது என்பதால் துண்டு துண்டாகத் தெரிந்த பைட்களில் இரண்டு வாய்ப்பையும் முயல வேண்டியிருக்கும். இந்த ஒரு பகுதிக்கு எழுதிய நிரல் மற்ற எல்லாவற்றையும் விட நீளம்.

கிடைத்தது என்ன

வழக்கமான ஒரு பகல் நேரப் பதிவில், பட்டறை ஓடும்போது, லாபத்தின் பெரும்பங்கு வெட்டும் இடத்தை மாற்றியதிலும் எடை போட்டதிலும்தான். அடுத்தது ரீட்-சாலமனுக்கு இடம் சொன்னது. நிலையைக் கட்டிப்போடும் வேலை ஓரத்தில் நிற்கும் சில ஃப்ரேம்களை மீட்டது, உழைப்போடு ஒப்பிட்டால் குறைவு, ஆனால் அந்த ஃப்ரேம் ஒவ்வொன்றும் தேறும்போது கிடைக்கும் சந்தோஷம் வேறு. செயற்கை வெள்ளை இரைச்சல் கலந்த பதிவில் இவை எதனாலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை, இருக்கவும் கூடாது. வெள்ளை இரைச்சலில் எறிவதற்கு எதுவும் மிச்சமில்லை, பழைய டிகோடரே தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அமைதியான தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நல்ல ஆண்டெனா போதும்.

விட்டர்பியின் பின்தேடல் நீளத்தை, அதாவது முடிவெடுக்கும் முன் அது பார்க்கும் பிட்களின் எண்ணிக்கையை, 35இலிருந்து ஏற்றிப் பார்த்தேன், வெட்டுப்பட்ட சிம்பல்கள் நிறைய இருக்கும் இடத்தில் கொஞ்சம் உதவியது, நூற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்த எல்இடி டிரைவர் வயர்களில் மாட்டிய ஃபெரைட் வளையங்கள் நிரலின் ஒரு வாரத்து வேலைக்குச் சமமாக உதவின, விலை ஒரு சாப்பாட்டுக் காசு. உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் இரைச்சலை முதலில் அங்கேயே அடக்குங்கள். நிரல் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு.

இன்னும் மிச்சம் இருப்பது 80 கிலோ சிம்பல் முறை. மெட்டியோரில் 72 பிட்டுக்கு 8 பிட் அடையாளம் சேர்த்து, குறியீட்டு பிட்களையே பல நொடி தூரத்துக்குப் பரப்பி அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. அதில் ஊசி விழுங்கும் 72 பிட்டும் விட்டர்பியின் 35 பிட் ஜன்னலுக்குள் ஒன்றாக வந்து விழாமல் தனித்தனியாகச் சிதறிப்போகும், ரீட்-சாலமனுக்கு இடம் சொல்வதற்கான தேவையே குறைந்துவிடும் என்பது கணக்கு. எடை போடும் பகுதி அப்படியே பொருந்தும், முகமூடியையும் சாஃப்ட் மதிப்போடு சேர்த்து அதே முறையில் பின்னலை அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான் மாற்றம். அந்த முறையில் வந்த ஒரு பதிவு கைக்குக் கிடைத்ததும் ஓட்டிப் பார்க்க நிரல் தயாராக இருக்கிறது.